தோற்கும் ரக்பி அணி: பயிற்சியாளரை மாற்றுவதா, வீரர்களை மாற்றுவதா?

கேள்வி இதுதான்: "நான் ஆதரிக்கும் ரக்பி அணி தொடர்ந்து தோற்கிறது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். பயிற்சியாளரை உடனே நீக்க வேண்டும் என்கிறது ஒரு கட்சி. பயிற்சியாளர் என்ன செய்வார், அணித் தேர்வுதான் கோளாறு, இன்னாரை ஏன் எடுக்கவில்லை என்கிறது இன்னொரு கட்சி. எது சரி?"

கிரிக்கெட்டில் தேர்வுக்குழு தனி, பயிற்சியாளர் தனி என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது இரண்டு கேள்வியாகத் தோன்றும். சர்வதேச ரக்பியில் பெரும்பாலும் அப்படி இல்லை. களத்தில் இறங்கும் 15 பேரையும் பெஞ்சில் உட்காரும் 8 பேரையும் தீர்மானிப்பவர் தலைமைப் பயிற்சியாளர்தான். எனவே தேர்வு தவறு என்று சொல்பவர், தெரிந்தோ தெரியாமலோ, பயிற்சியாளரைத்தான் குற்றம் சொல்கிறார். இரண்டு கட்சியும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்களில் நின்றுகொண்டு சண்டை போடுகின்றன.

ஆனால் அந்த விவாதம் நடக்கும் விதத்தில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. எப்போதும் தனி ஆளைப் பற்றியே பேசுகிறோம். அவர் சரியில்லை, இவரை எடு என்கிறோம். ரக்பியில் ஒருவர் சரியாக ஆடுகிறாரா என்பதைப் பல நேரங்களில் அவருக்குப் பக்கத்திலும் பின்னாலும் நிற்பவர்தான் தீர்மானிக்கிறார். ஆட்களை இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் பொருத்திப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தோற்கும் அணிகளில் நான் அதிகம் கண்ட கோளாறு இந்தப் பொருத்தம் கெட்டுப்போவதுதான்.

நான் எட்டு ஆண்டுகள் ஹூக்கராக, அதாவது முன்வரிசையின் நடு ஆளாக, ஆடியவன். ஸ்க்ரமின் நடுவில் நின்றவன் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்க்ரமில் ஒவ்வோர் அணியிலும் எட்டுப் பேர் குனிந்து, ஒருவரையொருவர் பூட்டிக்கொண்டு முட்டித் தள்ளுகிறார்கள். முன்வரிசையில் வலப்பக்கம் இருப்பவர் டைட்ஹெட் ப்ராப். அவருடைய தலை எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவே செருகப்பட்டிருக்கும். அவர்கள் இருவரின் பாரமும் இவர் கழுத்திலும் தோளிலும்தான் இறங்கும். இவர் சரிந்தால் நடுவர் ஊதுவார், பெனால்டி கிடைக்கும், எதிரணி உதைத்து மூன்று புள்ளி எடுக்கும். தொலைக்காட்சியில் காட்டுவதும் இவர் முகத்தைத்தான். மறுநாள் எல்லாரும் திட்டுவதும் இவரைத்தான்.

அவருக்குப் பின்னால் குனிந்து, தன் தோளை அவருடைய பிட்டத்துக்குக் கீழே பதித்துத் தள்ளும் இரண்டாம் வரிசை வீரரான லாக்கை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் அணியில் ஒரு பருவத்தில் வலப்பக்க லாக் காயம்பட்டு வெளியேறினார். நல்ல கனமான மனிதர். அவருக்குப் பதிலாக வந்தவர் உயரமான, ஒல்லியான இளைஞர். லைன்அவுட்டில், அதாவது எல்லைக் கோட்டுக்கு வெளியே போன பந்தை ஹூக்கர் உள்ளே எறியும்போது, தாவிப் பிடிப்பதில் கெட்டிக்காரர் என்பதால் ரசிகர்கள் அந்த மாற்றத்தைக் கைதட்டி வரவேற்றார்கள். முதல் ஸ்க்ரமிலேயே என் வலது விலாவில் அது தெரிந்தது. ப்ராப்பின் இடுப்பு ஒரு சாண் பின்னால் போனது, என் முதுகு முறுகியது, மூவரும் மண்ணில் முகம் பதித்தோம். அன்று ஸ்க்ரமில் மட்டும் ஆறு பெனால்டி கொடுத்தோம். அடுத்த வாரம் ப்ராப்பை நீக்கினார்கள். புதிதாக வந்தவரும் அதே இடத்தில் அதேபோலச் சரிந்தார். நீக்கப்பட்ட அந்த மனிதர் அதன் பிறகு ஆட வரவேயில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. அவர் மீது தவறே இல்லை.

இதே பாடத்தை மிகப் பெரிய மேடையில் காட்டியது 2015 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அணி. போட்டியை நடத்திய நாடே லீக் சுற்றோடு வெளியேறியது. பயிற்சியாளர் ஸ்டூவர்ட் லங்காஸ்டர். 13 பேர் ஆடும் வேறு வகை ஆட்டமான ரக்பி லீக்கிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாத சாம் பர்ஜெஸ்ஸை அணியில் சேர்த்ததைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். அவர் தன் கிளப்பில் பெரும்பாலும் ஸ்க்ரமின் ஓரத்தில் நிற்கும் ஃப்ளாங்கராக ஆடியவர், நாட்டுக்குப் பின்களத்தின் நடுவில் ஆடும் சென்டராக இறக்கப்பட்டார். அது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைவிட ஆழமான தவறு மூன்றாம் வரிசையில் இருந்தது. ஃப்ளாங்கர்கள் இருவரும் நம்பர் எயிட்டும் சேர்ந்த அந்த மூவரில், விழுந்தவனிடமிருந்து பந்தைப் பறிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இங்கிலாந்திடம் இல்லை. கேப்டன் கிறிஸ் ராப்ஷா உழைப்பாளி, நேர்மையான வீரர், ஆனால் அந்த வகை அல்ல. எதிரே ஆஸ்திரேலியாவோ டேவிட் போகாக், மைக்கேல் ஹூப்பர் என்ற இரண்டு பறிப்பாளர்களை ஒன்றாக இறக்கியது. ரக்பியில் முதுகு எண்தான் ஆடும் இடத்தைச் சொல்லும். இருவருமே ஏழாம் எண்ணுக்கு, அதாவது ஒரே ஃப்ளாங்கர் இடத்துக்கு, உரியவர்கள். ஒருவரைத்தான் எடுக்க முடியும் என்று மரபு சொன்னபோது, போகாக்கின் முதுகில் எட்டாம் எண்ணை மாட்டி இருவரையும் ஆட வைத்தார் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் மைக்கேல் செய்கா. விளைவு 33-13. இங்கிலாந்தின் கதை அங்கே முடிந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்பு வேல்ஸிடம் தோற்ற ஆட்டமும் இதே வகைதான். 25-28 எனப் பின்தங்கியிருந்த கடைசி நிமிடங்களில் பெனால்டி கிடைத்தது. கோலுக்கு உதைத்தால் சமன். ராப்ஷா பந்தை மூலைக்கு அனுப்பி லைன்அவுட் கேட்டார், எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்து, அதாவது ட்ரை போட்டு, வெல்வதற்காக. பந்து வரிசையின் முன்னால் நின்ற அவரிடமே எறியப்பட்டது. கால் தரையில் பட்ட கணத்தில் வேல்ஸ் வீரர்கள் மொத்தமாக மோதி அவரை எல்லைக் கோட்டுக்கு வெளியே தள்ளினார்கள். எல்லாப் பழியும் கேப்டன் தலையில் விழுந்தது. ஆனால் லைன்அவுட்டில் துல்லியமாக எறியக்கூடிய அனுபவசாலி ஹூக்கர் டிலன் ஹார்ட்லி, முன்பே ஒரு தடைக்காக உலகக் கோப்பை அணியிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். ஒழுக்கம் முக்கியம் என்று லங்காஸ்டர் நினைத்தார், அதை நான் மதிக்கிறேன். அதன் விலை அந்த மூலையில் தெரிந்தது.

இனி பயிற்சியாளரை மாற்றினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வருகிறேன். லங்காஸ்டர் போனார், எடி ஜோன்ஸ் வந்தார். அணியின் முதுகெலும்பு பெரும்பாலும் அதே வீரர்கள்தான். ஹார்ட்லியைத் திரும்ப அழைத்துக் கேப்டனாக்கினார். ராப்ஷாவை ஆறாம் எண்ணுக்கு நகர்த்தி, அவருக்கு ஏற்ற வேலையைக் கொடுத்தார். சில மாதங்களில், 2016இல், ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியில் ஐந்துக்கு ஐந்தும் வென்று கிராண்ட் ஸ்லாம். லங்காஸ்டரின் கடைசி ஆட்டத்தில் கிடைத்த வெற்றியையும் சேர்த்துத் தொடர்ந்து 18 வெற்றிகள், முன்னணி நாடுகளின் அப்போதைய சாதனைக்குச் சமம். பயிற்சியாளரை மாற்றச் சொல்லும் கட்சிக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

அதே எடி ஜோன்ஸ்தான் ஏழு ஆண்டுகள் கழித்து எதிர்க்கட்சிக்கும் சான்றாகிறார். ஆஸ்திரேலியா 2023 ஜனவரியில் டேவ் ரென்னியை நீக்கிவிட்டு அவரைக் கொண்டுவந்தது. உலகக் கோப்பைக்கு எட்டு மாதமே இருந்தது. ஒன்பது டெஸ்ட்களில், அதாவது சர்வதேச ஆட்டங்களில், வென்றது இரண்டு, ஜார்ஜியாவையும் போர்ச்சுகலையும் மட்டும். ஃபிஜியிடம் 15-22, வேல்ஸிடம் 6-40. உலகக் கோப்பை வரலாற்றிலேயே முதன்முறையாக ஆஸ்திரேலியா லீக் சுற்றோடு வீடு திரும்பியது.

அங்கே தேர்வில் நடந்ததை நான் மன்னிக்கவே மாட்டேன். ஹூப்பரை எடுக்கவில்லை என்ற கோபம் பெரிதாக எழுந்தது. எனக்கு அதைவிட வலித்தது பத்தாம் எண். ஃப்ளை-ஹாஃப் என்பவர்தான் அணியின் மூளை. ஒவ்வொரு தாக்குதலிலும் உதைப்பதா, கொடுப்பதா, ஓடுவதா என்று நொடியில் முடிவெடுப்பவர் அவர். அனுபவசாலி க்வேட் கூப்பரை அந்த ஆண்டின் முதல் இரண்டு டெஸ்ட்களில் ஆட வைத்துவிட்டு, பிறகு ஒதுக்கி, உலகக் கோப்பைக்கு அழைத்துச் செல்லவே இல்லை. 22 வயது கார்ட்டர் கோர்டனிடம் பொறுப்பு முழுவதும் போனது. பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு மூத்தவர்கூட அணியில் இல்லை. ஃபிஜியிடம் தோற்றதும், வேல்ஸுக்கு எதிரான வாழ்வா சாவா ஆட்டத்தில் அவரையும் பெஞ்சுக்கு அனுப்பி, பென் டொனால்ட்சனைப் பத்தாம் எண்ணில் இறக்கினார்கள். இளைஞரை நம்புவது நல்லது. நம்பிவிட்டு மூன்றாவது வாரத்தில் கைவிடுவது நம்பிக்கையே இல்லை. பிறகு அந்தப் பையன் கொஞ்ச காலம் ரக்பி லீக்குக்கே போய்விட்டார்.

இதற்கு நேர்மாறான ஒரு தேர்வு அதே உலகக் கோப்பையில் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் முழங்கால் காயத்தால் விலகினார். ஹூக்கருக்குப் பதில் இன்னொரு ஹூக்கரைத்தான் யாரும் அழைப்பார்கள். பயிற்சியாளர்கள் ரேஸி எராஸ்மஸும் ஜாக் நீனாபரும் அழைத்தது ஃப்ளை-ஹாஃப் ஹாண்ட்ரே போலார்டை. காயத்தால் முதல் பட்டியலில் இடம்பெறாதவர் அவர். இளைய ஃப்ளை-ஹாஃப் மானி லிபாக் அழகாக ஆடினாலும் கோலுக்கு உதைப்பதில் தடுமாறினார். அயர்லாந்திடம் 8-13 என்று தோற்ற ஆட்டத்தில் உதையில் தவறிய புள்ளிகளே தோல்விக்குப் போதுமானவையாக இருந்தன. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் பாதி முடிவதற்குள்ளேயே லிபாக்கை எடுத்துவிட்டு போலார்டை இறக்கினார்கள்.

அந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். 13-15. மழை. பெஞ்சிலிருந்து வந்த ப்ராப் ஆக்ஸ் உஞ்செ ஸ்க்ரமில் எதிராளியை மடக்கி எழுப்பினார், பெனால்டி. தூரம் கிட்டத்தட்ட 49 மீட்டர். போலார்ட் பந்தை நிறுத்தி, பின்னால் நடந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உதைத்தார். 16-15. இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 12-11 என்று வென்றபோது 12 புள்ளிகளும் அவர் காலிலிருந்தே வந்தன.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. இறுதி ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எஞ்சியிருந்த ஒரே முழுநேர ஹூக்கர் போங்கி ம்போனாம்பி காயம்பட்டார். ஃப்ளாங்கர் டியான் ஃபூரி மீதி ஆட்டம் முழுவதும் ஹூக்கராக நின்றார். லைன்அவுட்டில் அணி திணறியது. ஒரே ஒரு புள்ளி மாறியிருந்தால், ஹூக்கர் இடத்துக்கு ஃப்ளை-ஹாஃபை அழைத்த பயிற்சியாளர்களை வாழ்நாள் முழுவதும் ஏசியிருப்பார்கள். அப்போதும் நான் அவர்கள் பக்கம்தான் நின்றிருப்பேன். எந்த இடத்தில் குறை அதிகமாக வலிக்கும் என்று முன்கூட்டியே யோசித்து எடுத்த முடிவு அது. ஒரு பயிற்சியாளரை எடைபோடும்போது முடிவுக்குப் பின்னால் யோசனை இருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, பயிற்சியாளரும் நல்லவர், யோசிப்பவர், அப்படியும் தோற்கிறார்கள் என்றால்? வேல்ஸின் கதை அதுதான். வாரன் கேட்லண்ட் முதல் முறை பயிற்சியாளராக இருந்தபோது, 2008, 2012, 2019 என்று மூன்று கிராண்ட் ஸ்லாம் பெற்றுத் தந்தவர். 2022 டிசம்பரில் அவரைத் திரும்ப அழைத்தார்கள். இரண்டாம் முறை 26 ஆட்டங்களில் வென்றது ஆறு. 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றதிலிருந்து தொடங்கி அவர் கையில் மட்டும் தொடர்ச்சியாக 14 தோல்விகள். 2024இல் ஆறு நாடுகள் போட்டியில் ஐந்தும் தோல்வி. 2025 பிப்ரவரியில் இத்தாலியிடம் 15-22 என்று தோற்றபின் பொறுப்பிலிருந்து விலகினார்.

மனிதர் திடீரென்று மூளையை இழந்துவிட்டாரா? இல்லை. மூத்த வீரர்கள் ஆலன் வின் ஜோன்ஸும் ஜஸ்டின் டிப்பூரிக்கும் 2023 மே மாதத்தில் விடைபெற்றார்கள். அந்த உலகக் கோப்பையோடு டான் பிக்கரும் லீ ஹாஃப்பென்னியும் போனார்கள். அடுத்த ஆண்டு ஜார்ஜ் நார்த். அணி அறிவிக்கப்படும் நாளன்றே லூயிஸ் ரீஸ்-ஸாமிட் அமெரிக்கக் கால்பந்து ஆடப் போகிறேன் என்று கிளம்பினார். 21 வயது டாஃபித் ஜென்கின்ஸ் கேப்டன். இவ்வளவு பேருக்குப் பதிலாக வரவேண்டியவர்கள் வளர்ந்திருக்க வேண்டிய நான்கு தொழில்முறை அணிகள் பணமில்லாமல் தவித்தன. ஒப்பந்தச் சிக்கலால் 2023 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தையே புறக்கணிக்கும் நிலைக்கு வீரர்கள் வந்தார்கள். கிணற்றில் நீரில்லாதபோது வாளியை மாற்றி என்ன பயன்?

ஆனாலும் கேட்லண்டை முழுவதுமாக விடுவிக்கவும் முடியாது. 2025இல் சென்டரான பென் தாமஸைப் பத்தாம் எண்ணில் ஆட வைத்தார், அனுபவசாலி கேரத் ஆன்ஸ்கோம்பை அழைக்காமல். தற்காலிகமாக வந்த மேட் ஷெராட் முதல் வேலையாக ஆன்ஸ்கோம்பை அழைத்தார், தாமஸைச் சென்டருக்கே திருப்பினார். அடுத்த ஆட்டத்தில் பலமான அயர்லாந்துக்கு எதிராக அரைநேரத்தில் 13-10 முன்னிலை. தோற்றது 18-27தான், ஆனால் கார்டிஃப் மைதானம் உயிர்பெற்று எழுந்தது. ரசிகர்கள் கேட்ட மாற்றம் ரசிகர்கள் சொன்ன பலனைக் கொடுத்தது.

மூன்று வாரம் கழித்து அதே கார்டிஃபில் இங்கிலாந்து 68-14. ஜூலையில் ஜப்பானிடமும் ஒரு தோல்வி, தொடர்ச்சியாக மொத்தம் 18. பிறகுதான் ஜப்பானின் கோபே நகரில் அதே அணிக்கு எதிராக 31-22 என்ற வெற்றி வந்தது. புதிய குரலும் சரியான இடத்தில் சரியான ஆளும் ஓர் அணியை இரண்டு மூன்று ஆட்டங்களுக்குத் தூக்கி நிறுத்தும். அதற்குமேல் நிற்க வேண்டுமானால் கீழே இருந்து ஆட்கள் வர வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான், வேல்ஸ் ரசிகர்களிலும் சரி, உங்கள் நண்பர்களிலும் சரி, ஒவ்வொருவரும் தான் சொன்னதே நிரூபணமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

யாரும் அதிகம் பேசாத மூன்றாவது வழி ஒன்று உண்டு: தலைமைப் பயிற்சியாளரை விட்டுவிட்டுத் துணைப் பயிற்சியாளர்களை மாற்றுவது. 2022இல் நியூசிலாந்து சொந்த மண்ணிலேயே அயர்லாந்திடம் தொடரை இழந்தபோது இயன் ஃபாஸ்டரை நீக்கச் சொல்லி நாடே கொதித்தது. அவரை விட்டுவைத்து, துணையாக இருந்த ஜான் பிளம்ட்ரீயையும் பிராட் மூவரையும் மாற்றினார்கள். ஸ்க்ரமில் முட்டும் எட்டுப் பேரின் ஆட்டத்துக்கு ஜேசன் ரையன் வந்தார், சில வாரங்கள் கழித்துத் தாக்குதலுக்கு ஜோ ஷ்மிட். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே தென்னாப்பிரிக்காவிடம் 10-26. அதற்கடுத்த வாரம் ஜோஹன்னஸ்பர்க்கில் 35-23 என்று வென்றார்கள். மறு ஆண்டு உலகக் கோப்பை இறுதியில் 14 பேரோடு நெடுநேரம் ஆடி ஒரே புள்ளியில் தோற்றார்கள். எந்தப் பகுதி ஓட்டையோ அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவரை மாற்றினார்கள். தோற்கும் அணியின் ரசிகர் என்றால், உங்கள் அணியின் ஸ்க்ரம் பயிற்சியாளர் யார், லைன்அவுட் யார் பொறுப்பு, தடுப்பாட்டம் யார் கையில் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்கள் தெரியாமல் தலைமைப் பயிற்சியாளரைத் திட்டுவது பாதி வழக்கைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுவது போன்றது.

இனி உங்கள் அணிக்கு வருகிறேன். அடுத்த மூன்று ஆட்டங்களில் புள்ளிக்கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, எப்போது தோற்கிறீர்கள் என்று பாருங்கள். 55ஆவது நிமிடம்வரை சமமாக நின்று அதன்பின் சரிகிறது என்றால், கோளாறு பெஞ்சிலும் உடல்தகுதியிலும் இருக்கிறது. யாரை எப்போது இறக்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் இருபது நிமிடத்திலேயே மூன்று ட்ரை வாங்குகிறார்கள் என்றால், தடுப்பாட்டத்தில் யார் எங்கே நிற்பது என்பதே தெளிவாகச் சொல்லப்படவில்லை. அது பயிற்சியாளர் பக்கம்தான். சொந்த லைன்அவுட்டில் பந்தை இழக்கிறார்கள் என்றால் ஹூக்கரை மட்டும் பார்க்காதீர்கள். உயரத் தாவக்கூடியவர்கள் எத்தனை பேரை எடுத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். இரண்டு பேர்தான் என்றால், எதிரணிக்கு ஊகிப்பது எளிது, ஹூக்கர் பாவம்.

அப்புறம் ஒன்பதும் பத்தும். கடந்த எட்டு ஆட்டங்களில், ஸ்க்ரமிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃபும் ஃப்ளை-ஹாஃபுமாக எத்தனை ஜோடிகள் ஆடினார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காயம் காரணமாக மாறியதைத் தனியாகக் குறியுங்கள். காயமில்லாமலேயே நான்கைந்து ஜோடி மாறியிருந்தால், உங்கள் பயிற்சியாளருக்குத் தன் அணி எப்படி ஆட வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. அவரை மாற்றச் சொல்லும் கட்சியில் நானும் சேர்ந்துகொள்வேன். ஒரே ஜோடியை நம்பி ஆட வைத்தும் தோற்கிறார் என்றால், அந்தத் தோல்விகளின் வித்தியாசம் குறைந்துகொண்டு வருகிறதா என்று பார்த்துவிட்டு இன்னும் ஒரு பருவம் கொடுப்பேன்.

நீங்கள் கேட்ட "இன்னாரை ஏன் எடுக்கவில்லை" என்பதற்கும் இதே தாள்தான் பதில் சொல்லும். அந்த இன்னார் வந்தால் அவருக்குப் பக்கத்தில் நிற்கப்போவது யார், அவருக்காக வெளியே போகிறவர் செய்துகொண்டிருந்த வேலையை இனி யார் செய்வார்கள் என்று இரண்டு பெயர்களைச் சேர்த்து எழுதுங்கள். எழுத முடிந்தால் உங்கள் வாதம் வலுவானது. அதைப் பயிற்சியாளரே வந்து கேட்டாலும் தயங்காமல் சொல்லலாம்.